மணல் மேட்டுக் கவிஞர் ஷாஹ் அப்துல் லதீப்

கடந்த நோன்பு காலத்தில் என் தோழி ஒருத்தியின் வீட்டுக்கு இப்தாருக்குப் போயிருந்தேன். அவர்கள் கொழும்பில் வாழும் மேமன் சமூகத்தவர். அவள் வகுப்பில் அடிக்கடி தாதி, தாதி என்று சொல்வதைக் கேட்டு, வீட்டில் நோயாளி யாரோ இருக்கிறார், அவரைப் பார்த்துக்கொள்ளத் தாதி ஒருவர் வந்து போகிறார் என்றே நான் நெடுநாளாக நினைத்திருந்தேன். வாப்பாவின் உம்மாவைத்தான் அவர்கள் தாதி என்று அழைக்கிறார்கள் என்பது அன்றுதான் தெரிந்தது. அந்தத் தாதி கராச்சியில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் மணமுடித்துக் கொழும்புக்கு வந்தவர், பிறகு திரும்பிப் போய் வாழவே இல்லை.

மஃரிப் தொழுது முடித்த பின் தாதி தன் கைத்தொலைபேசியில் ஒரு பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார். பெண்கள் அழுதுகொண்டே பாடுவது போலிருந்தது. எட்டிப் பார்த்தேன். கறுப்பு உடை அணிந்த, தாடி வைத்த ஆண்கள் சிலர் ஒரு கப்றுக்கு முன்னால் அரைவட்டமாக அமர்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். ஆண்களின் குரல் அவ்வளவு உயரத்துக்குப் போகும் என்று நான் நினைத்ததில்லை. பாட்டு எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை; ஆனால் தாதி அதன் பொருளைச் சொல்லத் தொடங்கியபோது ஓரிடத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கடலோடிகளின் மனைவியர் கரையில் நின்று கணவன்மாருக்காக ஏங்கும் பாட்டுகள் அந்தக் கவிஞரிடம் உண்டாம். அந்தக் கணவன்மார் கப்பல் ஏறிப் போகும் தேசங்களில் ஒன்று இலங்கையாம்.

எங்கள் தீவின் பெயர் முந்நூறு வருடங்களுக்கு முந்திய ஒரு சிந்திப் பாட்டில் இருக்கிறது என்பதை அப்படித்தான் அறிந்தேன். அதைப் பாடியவர் யார் என்று தேடிப் படித்ததையே இங்கே எழுதுகிறேன்.

அவர் ஷாஹ் அப்துல் லதீப் (ரஹ்). சிந்து மாகாண மக்கள் அவரைப் பிட்டாயீ என்பார்கள். பிட் என்றால் சிந்தி மொழியில் மணல் மேடு. மணல் மேட்டுக்காரர் என்பதே அந்தப் பெயரின் பொருள். இன்று பாகிஸ்தானில், ஹைதராபாத் நகருக்கு வடக்கே உள்ள பிட் ஷாஹ் என்ற ஊரில் அவர் அடங்கியிருக்கிறார்.

அவர் பிறந்தது 1689ஆம் ஆண்டு, ஹாலா பகுதியில் உள்ள ஒரு சிற்றூரில். டில்லியில் அவுரங்கசீப் ஆட்சி நடந்த காலம் அது. தந்தையார் ஸெய்யித் ஹபீப் ஷாஹ். குடும்பத்தின் முன்னோர் ஹிராத் நகரிலிருந்து சிந்துவுக்கு வந்த ஸெய்யிதுகள். அந்தப் பரம்பரையில் லதீபுக்கு முன்பே ஒரு பெரும் கவிஞர் இருந்திருக்கிறார். புல்றி என்ற ஊரின் ஷாஹ் அப்துல் கரீம் என்பவரே அவர். சிந்தி மொழியின் மிகப் பழைய கவிஞர்களுள் ஒருவர். எனவே லதீப் பிறந்த வீட்டில் ஓதலும் இருந்தது, பாட்டும் இருந்தது.

அவருடைய படிப்பைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். ஓதிக்கொடுக்க வந்த உஸ்தாத் அலிப் என்ற எழுத்தைச் சொல்லிக்கொடுத்தாராம். சிறுவன் அதைச் சொன்னான். அடுத்ததாக பே என்றதும் சிறுவன் வாயை மூடிக்கொண்டு, அலிபுக்கு அப்பால் ஒன்றும் இல்லை என்று பிடிவாதமாக இருந்துவிட்டானாம். அல்லாஹ் என்ற பெயரின் முதல் எழுத்து அலிப் என்பதால் பெரியவர்கள் இதை விலாயத்தின் அடையாளமாகச் சொல்வார்கள். எனக்கு இந்தக் கதை பிடிக்கும், ஆனால் முழுக்க நம்ப முடியவில்லை. ஏனென்றால் அவருடைய பாட்டுகளில் அல்குர்ஆன் வசனங்களும் ஹதீஸ்களும் அறபிலேயே வருகின்றன. பயணம் போகும்போது அவர் மூன்று நூல்களை விட்டுப் பிரிந்ததில்லை என்பதும் எல்லோரும் சொல்லும் செய்தி: அல்குர்ஆன், மௌலானா ரூமியின் மஸ்னவி, முன்னோரான ஷாஹ் கரீமின் பாடல்கள். எழுத்தில் அலிபோடு நின்றவர் மஸ்னவியை ஏன் சுமந்து திரிய வேண்டும்?

லதீப் இளைஞராக இருந்தபோது குடும்பம் கோட்றி என்ற ஊரில் குடியிருந்தது. அங்கே மிர்ஸா முகல் பேக் என்ற பிரபு ஒருவர் இருந்தார். அவரது வீட்டில் யாருக்காவது சுகமில்லை என்றால் ஸெய்யித் ஹபீப் ஷாஹ்வை அழைத்து ஓதிப் பார்ப்பது வழக்கம். நம் ஊர்களிலும் லெப்பை மாரை அழைத்து ஓதிப் பார்க்கிறோம் அல்லவா, அதேபோலத்தான். ஒரு நாள் மிர்ஸாவின் மகள் ஸயீதா பேகத்துக்குக் காய்ச்சல். அன்று ஹபீப் ஷாஹ்வாலும் எழுந்து போக முடியவில்லை. மகனை அனுப்பினார்.

லதீபுக்கு அப்போது இருபது வயதளவில் இருக்கும். திரைக்குள் இருந்த பெண்ணின் விரலைப் பிடித்து அவர் ஓத வேண்டும். பிடித்தார். ஆனால் வாயில் வந்தது துஆ அல்ல, ஒரு கவிதை வரி. அந்த விரல் தன் கையில் இருக்கும்வரை அவளுக்கு ஆபத்து இல்லை என்ற கருத்தில் அவர் ஏதோ சொல்லிவிட்டார். மிர்ஸாவுக்குப் பொருள் உடனே விளங்கிவிட்டது. நோய் பார்க்க வந்த பிள்ளை மகளிடம் மனதைப் பறிகொடுத்துவிட்டான் என்று கொதித்தார். அதன் பின் அந்த ஊரில் ஸெய்யித் குடும்பத்துக்கு நிம்மதியாக வாழ வழியில்லாமல் போயிற்று. வீட்டைக் காலி செய்துகொண்டு வெளியேறினார்கள்.

லதீப் நிலைகுலைந்து போனார். ஒரு முறை பாலைநிலத்தில் அசையாமல் அமர்ந்திருந்தார் என்றும், காற்று அள்ளிவந்த மணல் அவரை மூடி, உடையின் ஓரம் மட்டும் வெளியே தெரிந்தது என்றும், ஆடு மேய்ப்பவன் ஒருவன் அதைக் கண்டு தந்தையாரிடம் ஓடினான் என்றும் மக்கள் சொல்வார்கள். மகனைத் தேடி வந்த தந்தை மணலைத் தட்டி எழுப்பினாராம். இது நடந்ததோ, பின்னால் வந்தவர்கள் கட்டியதோ, எனக்கு அந்தத் தந்தையை நினைத்துத்தான் கவலையாக இருந்தது. வாலிபப் பிள்ளை இப்படி ஆகிவிட்டால் ஒரு வாப்பா என்ன செய்வார்? திட்டவும் முடியாது.

பிறகு லதீப் வீட்டைவிட்டுப் புறப்பட்டார். மூன்று வருடங்கள் அலைந்தார். தனியாக அல்ல, யோகிகளோடும் சந்நியாசிகளோடும். பலூசிஸ்தான் மலைகளில் உள்ள ஹிங்லாஜ், தார் பாலைவனம், ஜெய்சல்மேர், கத்தியவாரில் உள்ள ஜுனாகட், துவாரகை என்று கால்நடையாகவே போனார். ஸெய்யித் வீட்டுப் பிள்ளை காவி உடுத்தவர்களோடு திரிந்தாரா என்று கேட்பவர்கள் அன்றும் இருந்திருப்பார்கள். பின்னாளில் அவர் அந்த யோகிகளைப் பற்றித் தனியாக ஓர் அத்தியாயமே பாடினார். பசியையும் தூக்கத்தையும் அவர்கள் அடக்கிய விதம் அவரை வியக்க வைத்தது. அவர்களுடைய வழி வேறு, தன்னுடைய வழி வேறு என்பதில் அவருக்குக் குழப்பம் இருந்ததாகத் தெரியவில்லை. இறுதியில் அவர்களைப் பிரிந்து தனியே ஊர் திரும்பினார்.

இந்த மூன்று வருடங்களில் அவர் கண்டது மலைகளையும் கோயில்களையும் மட்டுமல்ல. கடற்கரைகளில் மீனவர்களோடும் மாலுமிகளோடும் இருந்தார். பாலைவனத்தில் ஒட்டகக்காரர்களோடும் இடையர்களோடும் தங்கினார். நூல் நூற்கும் பெண்களையும், கிணற்றடியில் நீண்ட நேரம் கயிறு இழுக்கும் பெண்களையும் பார்த்தார். அரசவைகளில் பாரசீக மொழி கோலோச்சிய அந்தக் காலத்தில், இந்த மனிதர்களின் சிந்தி மொழியிலேயே அவர் பாடினார்.

நான் இவ்விடத்தில் சற்று நிற்க விரும்புகிறேன். அவர் அலைந்த கதையை எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். அந்த மூன்று வருடமும் ஸயீதா பேகம் என்ன செய்தார்? காய்ச்சல் மாறியதா? அந்த ஒரு நாளைப் பற்றி வீட்டில் அவரிடம் யாராவது பேசினார்களா, அல்லது பேச்சே எடுக்கக் கூடாது என்று தடுத்தார்களா? பெண் பிள்ளைக்கு யோகிகளோடு போய் அலையவும் வழியில்லை. நான்கு சுவருக்குள் இருந்துதான் ஏங்க வேண்டும், அதுவும் முகத்தில் தெரியாமல். அவர் ஏங்கினாரா என்பதும் யாரும் எழுதி வைக்காத விஷயம். அவருடைய பெயர் மட்டும் நமக்குக் கிடைத்திருக்கிறது.

1713ஆம் ஆண்டளவில் நிலைமை மாறியது. கொள்ளைக்கூட்டம் ஒன்று மிர்ஸா முகல் பேக்கின் வீட்டைத் தாக்கியது. அவர்களைத் துரத்திப் போன மிர்ஸாவும் வீட்டு ஆண்களும் கொல்லப்பட்டார்கள். எஞ்சியிருந்த பெண்கள், ஸெய்யித் குடும்பத்துக்குச் செய்த அநியாயமே இப்படித் திரும்பியது என்று அஞ்சினார்கள். மன்னிப்புக் கேட்டு, ஸயீதா பேகத்தை லதீபுக்கே நிக்காஹ் செய்து கொடுத்தார்கள். பிரிந்தவர்கள் சேர்ந்தார்கள். ஆனால் அதன் விலையாக ஒரு வீட்டின் ஆண்கள் எல்லோரும் இல்லாமல் போயிருந்தார்கள். அந்த மணப்பெண் சிரித்திருப்பாரா என்று நினைத்துப் பார்க்கிறேன். தந்தையின் மௌத்தினால் கிடைத்த கல்யாணம் அது.

மணமக்கள் ஒன்றாக நெடுங்காலம் வாழவும் இல்லை. குழந்தைப் பேறு இல்லாமலே ஸயீதா பேகம் இளம் வயதில் வபாத்தானார். பிள்ளை இல்லாத காரணத்துக்காகவாவது மறுமணம் செய்யுமாறு ஆண்களைச் சுற்றியிருப்போர் வற்புறுத்துவது எல்லா ஊரிலும் வழக்கம். லதீப் மறுமணம் செய்யவே இல்லை.

அவருடைய பாட்டுகளைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். அவற்றின் தொகுப்புக்கு ஷாஹ் ஜோ ரிஸாலோ என்று பெயர். ஏறத்தாழ முப்பது அத்தியாயங்கள். ஒவ்வொன்றும் ஒரு ராகத்தின் அல்லது ஒரு கதையின் பெயரில் இருக்கும், அதை ஸுர் என்பார்கள். ஒவ்வொரு ஸுரிலும் பைத்துகள் வரும், முடிவில் எல்லோரும் சேர்ந்து பாடும் வாஈ என்ற பாட்டு வரும். பைத் என்ற சொல்லை இலங்கை முஸ்லிம்களான எங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

கதைகள் அவர் கட்டியவை அல்ல. சிந்துவில் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவந்த நாட்டுக் கதைகள்தாம். கேட்பவர்களுக்குக் கதை ஏற்கெனவே தெரியும் என்பதால் அவர் தொடக்கத்திலிருந்து சொல்வதே இல்லை. நெஞ்சு அடைக்கும் இடத்தில் நேரே நுழைந்துவிடுவார். ஸஸூயீ கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பம்போர் நகரத்துச் சலவைத் தொழிலாளியின் வளர்ப்பு மகள் ஸஸூயீ. கேச் நாட்டு இளவரசன் புன்ஹூனை அவள் மணக்கிறாள். அவனுடைய சகோதரர்கள் இரவில் அவனை மயக்கி ஒட்டகத்தில் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். காலையில் படுக்கை வெறுமையாக இருக்கிறது. லதீப் பாடத் தொடங்குவது இதற்குப் பிறகுதான்: வெறுங்காலோடு மலையிலும் வெயிலிலும் அவள் ஒட்டகத் தடத்தைத் தேடி ஓடுவதை. அவளுக்கு மட்டும் ஐந்து ஸுர்களைக் கொடுத்திருக்கிறார். கதையில் அவள் புன்ஹூனிடம் போய்ச் சேருவதில்லை, வழியிலேயே பூமி பிளந்து அவளை ஏற்றுக்கொள்கிறது. ஆனாலும் அவருடைய பாட்டில் தோல்வி தெரியாது. தேடிப் போனவளே கொஞ்சம் கொஞ்சமாகத் தேடப்பட்டவனாக மாறிவிடுகிறாள். தூங்கியதற்காக அவள் தன்னைத் தானே நொந்துகொள்வதை, தஹஜ்ஜுத் நேரத்தில் தூங்கிவிடும் அடியானின் வருத்தமாகவும் வாசிக்கலாம் என்று தாதி சொன்னார்.

எனக்கு மிகவும் பிடித்தவள் மார்வி. தார் பாலைவனத்து மலீர் என்ற இடத்துப் பெண். கிணற்றில் தண்ணீர் எடுக்கும்போது உமர் என்ற அரசன் அவளைக் கடத்திக்கொண்டு போய் உமர்கோட் கோட்டையில் வைக்கிறான். பட்டு, நகை, மாளிகை எல்லாம் தருகிறேன், என்னை மணந்துகொள் என்கிறான். அவள் தன் கிராமத்துக் கம்பளியைக் களையவும் மறுக்கிறாள், தலைக்கு எண்ணெய் வைக்கவும் மறுக்கிறாள். மழை பெய்தால் தன் ஊரில் புல் முளைத்திருக்குமா என்று நினைத்து அழுகிறாள். கடைசியில் அரசன் தோற்று அவளை ஊருக்கு அனுப்பிவிடுகிறான். இது காதல் கதை இல்லை, ஊருக்காக ஏங்கும் கதை. தாதி மார்வியைப் பற்றிச் சொல்லும்போது கராச்சியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

இந்த எல்லா இடங்களிலும் பாடுவது பெண் குரல். பாடியவர் ஆண், ஆனால் ஏங்கும் ஆன்மாவைப் பெண்ணாகவே வைத்தார். எங்கள் குணங்குடி மஸ்தான் சாஹிபு இறைவனை மனோன்மணி என்ற பெண்ணாக அழைத்துப் பாடியதை உயர்தரப் பிள்ளைகள் அறிவார்கள். லதீபிடம் அது தலைகீழாக இருக்கிறது. ஸியாரத்தில் பாடும் பக்கீர்கள் குரலை அவ்வளவு உயர்த்துவதற்கும் இதுவே காரணம் என்கிறார்கள்.

இப்போது இலங்கைக்கு வருகிறேன். ஸாமூன்டி என்றால் கடலோடி. அந்தப் பெயருடைய ஸுரில் பேசுபவள் ஒரு மாலுமியின் மனைவி. வாடைக் காற்று தொடங்கினால் சிந்துத் துறைமுகங்களிலிருந்து பாய்மரக் கப்பல்கள் புறப்படும் பருவம் வந்துவிட்டது என்று அர்த்தம். ஊரில் மற்றவர்களுக்குக் காற்று இதமாக இருக்கும். அவளுக்கு அந்தக் காற்றே எதிரி. கணவன் கப்பலைச் சரிபார்க்கிறான், கயிறுகளைத் தேய்த்துப் பார்க்கிறான். அவளால் நிறுத்த முடியவில்லை. போன பிறகு கரையில் விளக்கேற்றி வைத்தும், கடலில் நறுமணப் பொருட்களைத் தூவியும், திரும்பி வரும் பாயின் நுனி தெரிகிறதா என்று பார்த்து நிற்கிறாள். வணிகனுக்கு வாழ்க்கைப்பட்டதே பிழை என்று ஒரு நாள் சொல்வாள், மறுநாள் அவன் வரும் வழிக்கு நேர்ச்சை வைப்பாள். இலங்கையில் பொன் இருக்கிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து அந்த வணிகர்களுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை என்பதும் அந்தப் பாட்டுகளில் வருகிறது.

எங்கள் நாட்டில் பொன் எங்கே கிடைத்தது என்று தோழியும் நானும் சிரித்தோம். மாணிக்கமும் முத்தும் கறுவாவும் கிடைத்தன. லதீப் வாழ்ந்த காலம் முழுவதும் எங்கள் கரையோரம் ஒல்லாந்தர் கையில் இருந்தது. பொன்னிலங்கை என்பது இராமாயணக் கதையிலிருந்து வந்த பேச்சாக இருக்கலாம். ஆனாலும் சிந்துக் கரையில் நின்ற ஒரு பெண்ணுக்கு இலங்கை என்றால் கணவனைப் பறித்துக்கொண்ட பொன் தேசம்.

என் வாப்பா ஒன்பது வருடங்களாகக் கத்தாரில் சாரதியாக வேலை செய்கிறார். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை லீவில் வருவார். அவர் திரும்பிப் போகும் நாளில், விமானம் இறங்கிச் செய்தி வரும்வரை உம்மா வீட்டைக் கூட்டமாட்டார். வாப்பா படுத்திருந்த பாயையும் சுருட்டமாட்டார். மார்க்கத்தில் இப்படி ஒன்றும் இல்லை என்று நான் ஒரு முறை வாதிட்டேன். கடலில் விளக்கு விடும் பெண்களைப் பற்றிப் படித்த பிறகு அந்த வாதத்தை நான் தொடரவில்லை. அன்று அவர்களுடைய ஆண்கள் எங்கள் கரைக்குப் பொருள் தேடி வந்தார்கள். இன்று நாங்கள் வேறொரு கரையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறோம். உம்மாவிடம் அந்தப் பாட்டின் கருத்தைச் சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் அந்தப் பெண்ணின் புருஷன் வந்தானா என்று மட்டும் கேட்டார். பாட்டு அதற்கு முன்பே நின்றுவிடுகிறது.

லதீபின் காலம் அமைதியான காலம் அல்ல. அவருக்குப் பதினெட்டு வயதாகும்போது, 1707இல், அவுரங்கசீப் மௌத்தானார்; முகலாய ஆட்சி தளர்ந்தது. சிந்துவைக் கல்ஹோரா குடும்பத்தினர் ஆளத் தொடங்கினார்கள். ஜோக் என்ற ஊரில் உழவர்களை ஒன்றுசேர்த்து, நிலத்தைப் பொதுவாக உழுது விளைச்சலைப் பகிரச் செய்த ஸூபி ஷாஹ் இனாயத், நிலப்பிரபுக்களின் பகையினால் 1718இல் கொல்லப்பட்டார். 1739இல் பாரசீகத்து நாதிர் ஷாஹ் டில்லியைச் சூறையாடினார். அடுத்த வருடம் அவருடைய படை சிந்துவுக்கும் வந்தது. இவ்வளவுக்கும் நடுவே வாழ்ந்தவர் தன் காலத்து அரசர்களைப் புகழ்ந்து பாடவில்லை. மழையைப் பற்றிய ஸாரங் என்ற ஸுரில் மேகங்கள் எந்தெந்த நாட்டுக்குப் போகின்றன என்று பாடிக்கொண்டே வந்து, சிந்துவுக்குச் செழிப்பைக் கேட்கிறார், அதோடு நிறுத்தாமல் உலகம் முழுவதற்கும் கேட்கிறார்.

நடுவயதில் அவர் ஊரிலிருந்து சிறிது தூரத்தில், முட்புதர் மண்டிய ஒரு மணல் மேட்டைத் தேர்ந்தெடுத்தார். அருகில் கராற் என்ற ஏரி. பக்கீர்களோடு சேர்ந்து தானும் மண் சுமந்து, புதர் வெட்டி, குடிசைகளும் பள்ளிவாசலும் அமைத்தார். அதுதான் பிட். அங்கே ஐந்து தந்திகள் கொண்ட தம்பூரோ என்ற இசைக்கருவியை அவர் உருவாக்கினார் என்பார்கள். இரவில் பாட்டு நடக்கும். இசை கூடுமா கூடாதா என்ற கேள்வி அந்தக் காலத்திலும் இருந்தது. ஆலிம்கள் சிலர் அவரைக் கண்டித்தார்கள். தட்டா நகரத்துப் பேரறிஞர் மக்தூம் முயீனுத்தீன் போன்ற வேறு சிலர் அவருடைய நெருங்கிய நண்பர்களாக இருந்தார்கள். எங்கள் வீடுகளிலும் இந்த விஷயத்தில் இரண்டு கருத்து உண்டு என்பதால் நான் இதற்கு மேல் எழுதவில்லை.

மக்கள் கூட்டம் அந்த மேட்டை நோக்கி வருவதைக் கண்டு ஆட்சியாளர் நூர் முஹம்மது கல்ஹோரா ஆரம்பத்தில் சந்தேகப்பட்டார், பலவிதமாகச் சோதித்தும் பார்த்தார் என்று சொல்லப்படுகிறது. பிறகு பகை தணிந்தது. அவருடைய மகன் குலாம் ஷாஹ் கல்ஹோராதான் பின்னாளில் லதீபின் கப்றுக்கு மேல் நீலமும் வெள்ளையுமான ஓடுகள் பதித்த அந்த அழகிய கட்டடத்தைக் கட்டினார்.

இறுதிக் காலத்தைப் பற்றி இன்னொரு செய்தி உண்டு. தன் பாட்டுகளை மக்கள் தவறாக விளங்கிக்கொள்வார்கள் என்று அஞ்சி, எழுதி வைத்திருந்த ஏடுகளை எல்லாம் அவர் கராற் ஏரியில் போட்டுவிட்டாராம். பக்கீர்கள் அழுதார்கள். அப்போது மாயீ நிஅமத் என்ற ஒரு பெண்ணிடம் கேட்டார்கள். அவர் அங்கே பணிவிடை செய்தவர், பாட்டுகளை மனனமாக வைத்திருந்தவர். அவர் சொல்லச் சொல்லப் பக்கீர்கள் மீண்டும் எழுதினார்கள், லதீப் அதைத் திருத்திக் கொடுத்தார் என்பது மரபு. மரபுதான், ஆனால் இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு உம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். முப்பது ஸுர்களை ஒரு பெண் தன் நெஞ்சில் வைத்திருந்திருக்கிறார்! ஸயீதா பேகத்தைப் பற்றிக் கேட்டேனே, அதற்குப் பதில் கிடைக்காவிட்டாலும் இது கிடைத்தது. 1866இல் ஏர்னஸ்ட் ட்ரும்ப் என்ற ஜேர்மன் அறிஞர் ரிஸாலோவை லைப்ஸிக் நகரில் முதன்முதலாக அச்சிட்டார். ஏரிக்குப் போன பாட்டுகள் அவ்வளவு தூரம் போயிருக்கின்றன.

கடைசியாக அவர் கர்பலாவுக்குப் போக விரும்பிப் புறப்பட்டார். கர்பலா ஷஹீதுகளைப் பற்றி அவர் பாடிய கேடாரோ என்ற ஸுரும் உண்டு. வழியில் ஒருவர், தாங்கள் பிட் மேட்டிலேயே அடங்க வேண்டும் என்று சொல்லி வந்தீர்களே, இப்போது எங்கே போகிறீர்கள் என்று நினைவூட்டினாராம். அவர் திரும்பி வந்துவிட்டார். இருபத்தொரு நாட்கள் தனித்திருந்து மிகக் குறைவாகவே உண்டார். பிறகு வெளியே வந்து, குளித்து, வெண்போர்வை ஒன்றைப் போர்த்திக்கொண்டு, பக்கீர்களைப் பாடச் சொன்னார். மூன்று நாட்கள் அவர்கள் பாடினார்கள். பாட்டு நின்று பார்த்தபோது, போர்வைக்குள் அவர் எப்போதோ போய்விட்டிருந்தார். ஹிஜ்ரி 1165, ஸபர் பிறை 14. ஆங்கிலக் கணக்கில் 1752இன் தொடக்கம். அவருக்கு அறுபத்திரண்டு, அறுபத்து மூன்று வயது இருக்கும்.

ஒவ்வொரு ஸபர் மாதமும் அங்கே மூன்று நாள் உர்ஸ் நடக்கிறது. முஸ்லிம்கள் மட்டுமன்றிச் சிந்துவின் இந்துக்களும் வருகிறார்கள். உர்ஸ் இல்லாத சாதாரண இரவுகளிலும் கறுப்பு உடை அணிந்த பக்கீர்கள் கப்றுக்கு எதிரே அமர்ந்து, அவர் விட்டுச்சென்ற முறையிலேயே தம்பூரோ மீட்டிப் பாடுகிறார்கள்.

எங்கள் மணிக்கூட்டை விட அவர்களுடைய மணிக்கூடு அரை மணித்தியாலம் பின்னால் இருக்கிறது. கத்தார் இரண்டரை மணித்தியாலம் பின்னால். நாங்கள் இஷா தொழுது, சாப்பிட்டு, பாத்திரங்களையும் கழுவி வைத்த பிறகுதான் வாப்பா வேலை முடிந்து அழைப்பார். நேற்று இணைப்புச் சரியாகக் கிடைக்கவில்லை. உம்மா தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் இருந்தார். நான் உள்ளே இருந்து தாதி அனுப்பிய பாட்டை மிக மெதுவாக வைத்தேன். இந்த முறை லங்கா என்ற சொல் எங்கே வருகிறது என்று தெரிந்தது.